உறைந்த ஏரிக்கு எந்த இரை என்று கேட்டாய்

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். முதல் சொல்லே பொய்யாகிவிடும் போலிருந்தது. அதனால் அதை விட்டுவிட்டு நேராக மீனுக்கு வருகிறேன். போன மாதம் கனடாவிலிருந்து நீ ஒரு வீடியோ அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசும் லட்சணம் உனக்கே தெரியும். இரண்டாவது நிமிஷம் எனக்குக் குரல் ஏறும், மூன்றாவது நிமிஷம் நீ "சரிப்பா, வெச்சிடறேன்" என்பாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. எழுதி முடித்ததும் பக்கிரி இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான். பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் என்னோடு இருபது வருஷம் சூளை வேலை பார்த்தவன், இப்போது என் போனுக்கும் சேர்த்து வேலை பார்க்கிறான்.

உன் வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. ஏரி என்று நீ சொன்னதால்தான் அது ஏரி. அதன்மேல் கார் நிற்கிறது, நீ ஒரு சின்னக் கூடாரத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். மெஷினை வைத்துப் பனிக்கட்டியில் ஒரு ஓட்டை போடுகிறாய், சோற்றுப் பானை வாய் அளவுதான் இருக்கும். அதற்குள் முழங்கை நீளத் தூண்டிலை விடுகிறாய். தண்ணீருக்குள் கேமராவையும் இறக்கி, கீழே நடப்பதை மேலே சின்ன டிவியில் பார்க்கிறாய். உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஒரு மீன், நம் ஜிலேபிக் கெண்டைக்குச் சித்தப்பா மகன் மாதிரி, மெதுவாக வருகிறது. இரைக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கிறது. பார்க்கிறது. அப்படியே திரும்பிப் போய்விடுகிறது. பின்னாலிருந்து ஒரு பொண்ணு சிரிக்கிறாள். நீ சொல்கிறாய்: "ப்பா, பாத்தியா? காலையிலேர்ந்து இதே கூத்துதான். வாணல்ல அடங்குற மீனு இது, இதுக்குப் போயி இவ்ளோ திமிரு. பெட்டியில உசுருப் புழுவும் இருக்குது, ரப்பர் புழுவும் இருக்குது. நீயா இருந்தா எதப் போடுவே?"

நானாக இருந்தால் உயிருள்ளதைப் போடுவேன். அதுவும் பெட்டியில் இருப்பதிலேயே சின்னதை. குளிரில் மீனுக்குப் பசி கம்மி, வேகமும் கம்மி. மார்கழி மாதம் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் விடியற்காலையில் தூண்டில் போட்டால் தக்கை அசைவதே தெரியாது, கொட்டாவி விடுகிற மாதிரி லேசாகச் சாயும், அவ்வளவுதான். அந்த ஊரில் தண்ணீரே கல்லாகிக் கிடக்கிறது, மீன் மட்டும் ஓடி வந்து கவ்வுமா? பெரிய இரையைப் பார்த்தால் அதைத் துரத்தவும் விழுங்கவும் ஆகும் சிரமத்தை அது யோசிக்கும். அரிசி மணி அளவுக்குப் போடு. மரத்தூளில் போட்டு விற்கிறார்கள் என்று காட்டினாயே, அந்த வெள்ளைப் புழு போதும். குத்தும்போது நடுவில் குத்தாதே. ஒரு ஓரத்தில் தோலை மட்டும் பிடித்த மாதிரி குத்து, அது நெளிந்துகொண்டே இருக்கட்டும். உள்ளே இருக்கும் சாறு இறங்கித் தோல் சுருங்கிவிட்டால் வேறு புழு மாற்று. நீ செய்த தப்பு என்ன தெரியுமா? மூன்று புழுவைச் சேர்த்துக் குத்தியிருக்கிறாய். விருந்து வைத்தால் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாய். இந்தப் புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது ஏன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நீ அந்த வீடியோவை அனுப்பிய காலையில் நான் பழமலைநாதர் கோயில் பக்கத்தில், மணிமுத்தாற்றங்கரையில், ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். எதிரில் வாழையிலை, எள், பிண்டம். அன்று உன் அம்மாவுக்கு வருஷத் தெவசம். ஐயர் கேட்டார், "புள்ள வரலியா?" "கனடாவுல இருக்கான் சாமி." "போனாவது பண்ணுச்சா?" சரியாக அந்த நேரத்தில் மடித்து வைத்திருந்த சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உன் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரே பெருமை. "இதோ கூப்புடறான் பாருங்க சாமி, மறக்கல" என்று ஈரக் கையோடு எடுத்துத் திறந்தேன். மீன் வந்தது. பார்த்தது. திரும்பிப் போனது. ஐயரும் எட்டிப் பார்த்தார். எள்ளை எடுத்து என் கையில் போட்டார். அந்த மனுஷன் ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு உன்னைத் திட்டாத திட்டு இல்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று ஆற்றங்கரையிலிருந்து வீடு வரைக்கும் பக்கிரியிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். அம்மா தெவசத்தன்று மீன் பிடிக்கிறான் பார், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு பிடிக்கிறான் பார் என்றேன். பக்கிரி கேட்டுக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில்தான் கேட்டான், "அண்ணே, இன்னிக்குத் தெவசம்னு தம்பிக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. தெவசம் திதியைப் பார்த்து வரும், இங்கிலீஷ் தேதியைப் பார்த்து வராது. பஞ்சாங்கம் அங்கே உன் வீட்டுச் சுவரில் தொங்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. கேட்கிறானா பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு நாள் கழித்து, இங்கிலீஷ் தேதிக்குச் சரியாக, நீ கூப்பிட்டாய். "அம்மா போயி இன்னியோட ஒரு வருஷம்ப்பா" என்றாய். தெவசம் முடிந்துவிட்டது என்று அப்போதும் நான் உன்னிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன். உன்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

இரையைப் பற்றி என்னைக் கேட்டாய் அல்லவா, அதற்கு முழு ஆள் நான்தான். எந்த மீனுக்கு எது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கெண்டைக்குத் தவிடும் கோதுமை மாவும் பிசைந்த உருண்டை. கெளுத்திக்கு நாற்றம் அடிக்கிற கோழிக்குடல். விராலுக்கு உயிருள்ள தவளைக்குஞ்சு. மழைக்காலத்தில் ஈசல் ஒன்று போதும், எல்லா மீனும் வரும். வெள்ளாற்றில் தண்ணீர் செம்மண்ணாக ஓடும்போது மீன் கண்ணுக்கு இரை தெரியாது. அதற்குக் கம்பெனியில் கழித்துப் போட்ட சின்னப் பீங்கான் பாசிமணியை ஈயக் குண்டுக்குப் பதிலாகத் தூண்டில் நரம்பில் கோர்த்து விடுவேன், அந்த வெள்ளையைப் பார்க்க வந்து மீன் இரையைப் பார்க்கும். உங்கள் ஊரில் பனிக்கு அடியில் இருட்டாகத்தான் இருக்கும், நீயும் வெள்ளையாக ஏதாவது கோர்த்துப் பார். எதைக் காட்டினால் எது வரும் என்று கண்டுபிடிக்கிற புத்தி எனக்கு அதிகம். அந்தப் புத்தியை மீனோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

விராலுக்குத் தவளை, கெளுத்திக்குக் குடல், உனக்கு உன் அம்மா.

அந்தக் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உனக்குத் தெரிந்தது முள்ளில் மாட்டியவன் பார்த்த கதை. நான் சொல்கிறேன், கேள். நீ போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. கூப்பிடும்போதெல்லாம் "அடுத்த வருசம்ப்பா" என்பாய். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு நல்ல இடம் வந்தது. பொண்ணு பி.எட். படித்திருந்தாள், நல்ல குணமான குடும்பம். ஒரு தடவை நீ வந்து பார்த்தால் பிடித்துப்போகும் என்று எனக்கு ஒரு முரட்டு நம்பிக்கை. பொண்ணு பார்க்க வா என்று சொன்னால் நீ வரமாட்டாய். அந்த நேரம் பார்த்து உன் அம்மாவுக்கு வெயிலில் கொஞ்சம் அசதி. நம் ஊரில் அசதி என்றால் என்ன செய்வார்கள்? பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளினிக்கில் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, வரும் வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வருவார்கள். அப்படித்தான் போனோம். நீலச் சுவர் ஓரமாகக் கட்டிலில் படுத்திருந்தாள், கையில் ஊசி, மேலே பாட்டில். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. போனை எடுத்தேன்.

படம் உனக்கு அனுப்பப் போகிறேன் என்றதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். உனக்குப் போகிற படமாயிற்றே. நான் சொன்னேன், "சிரிக்காத. மூஞ்சிய கொஞ்சம் சோர்வா வெச்சிக்கோ." அவளுக்குப் புரிந்துவிட்டது. "வாணாங்க. என்ன வெச்சிப் புள்ளயப் புடிக்காதீங்க. வந்து பாத்துட்டு நம்மளையே வெறுத்துடுவான்" என்றாள். நான் கேட்கவில்லை. "பெத்தவ உனக்குப் புள்ளயப் பாக்க ஆச இல்லியா?" என்று ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு அப்புறம் அவள் சிரிக்கவில்லை. நடிக்கவும் இல்லை. அந்தப் படத்தில் நீ பார்த்த முகவாட்டம் உடம்பு சரியில்லாத வாட்டம் இல்லை தம்பி, என்னால் வந்த வாட்டம்.

நீ மூன்றாம் நாள் வந்து இறங்கினாய். இரண்டு விமானம் மாறி, சென்னையிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, ஜங்ஷனிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாய். உன் அம்மா அடுப்படியில் உனக்குப் பிடித்த வற்றல் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டு நின்றாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் அவளைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாயே, அந்தப் பார்வை இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. முதலில் சந்தோஷம்தான் இருந்தது அதில். "நல்லாதான் இருக்கியாம்மா?" என்று கேட்டாய். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வந்தது வந்துட்ட, நாளைக்குக் கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் போயிட்டு வந்துடலாம், ஒரு பொண்ணு இருக்குது" என்றேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முள் ஏறிவிட்டது, இனி இழுக்க வேண்டியதுதான் என்றுதான் நினைத்தேன்.

நீ பொண்ணு பார்க்க வரவில்லை. அவர்கள் வீட்டில் பஜ்ஜி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், நான் தனியாகப் போய்க் கைகூப்பிவிட்டு வந்தேன். நான்காம் நாள் நீ கிளம்பினாய். கிளம்பும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாய். "இனிமே நீ என்ன சொன்னாலும் நான் ரெண்டு தடவ யோசிப்பேன்ப்பா." கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னாய். நான் திருப்பி என்ன சொன்னேன் என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கும். "போடா, நீ இல்லாட்டி எங்களுக்கு என்ன சோறு எறங்காதா" என்றேன். உன் அம்மாவுக்குத்தான் பத்து நாள் சோறு இறங்கவில்லை.

தூண்டில் போடுகிறவனுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. ஒரு தடவை முள் குத்தித் தப்பித்த மீன், அதே இரையை மறுபடி தொடாது. பசித்தாலும் தொடாது. வரும், நிற்கும், பார்க்கும், போய்விடும். உன் கேமராவில் நீ பார்த்தாயே அதேதான். உன் இரையில் குறை இல்லாமல்கூட இருக்கலாம். அதற்கு முன்னால் யாரோ ஒருவன் அந்த ஓட்டையில் அதே புழுவைப் போட்டு, அதன் வாயைக் கிழித்திருப்பான்.

அப்புறம் இரண்டு வருஷம் கழித்து, தை மாதம். உன் அம்மாவுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, சோறு பிடிக்கவில்லை. அதே கிளினிக். அதே நீலச் சுவர். அதே கட்டில் என்று நினைக்கிறேன். டாக்டர் பார்த்ததுமே, இங்கே வேண்டாம், கிட்னி மாதிரி தெரிகிறது, உடனே கடலூர் கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். உனக்கு உடனே தெரியணும் என்று போனை எடுத்தேன். இந்தத் தடவை சோர்வாக இரு என்று நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குக் கண்ணைத் திறப்பதே கஷ்டமாக இருந்தது. ஆனால் போனைப் பார்த்ததும் என்ன நினைத்தாளோ, பக்கத்துக் கட்டில் பொம்பளையிடம் கேட்டுச் சீப்பு வாங்கி முன் முடியை வாரிக்கொண்டாள். "எடுங்க" என்றாள். எடுக்கும்போது சிரித்தாள். முகம் முழுக்கச் சிரித்தாள். "பயந்துடுவான், பாவம். அவ்ளோ தூரத்துல ஒண்டியா இருக்குறான்" என்றாள்.

நீ பதில் போட்டாய். நான் அதை அழிக்கவில்லை, இன்னும் போனில் இருக்கிறது. "அதே செவுரு, அதே பாட்டிலு. அம்மா சிரிச்சிகிட்டுதான் இருக்காங்க. இந்த வாட்டி எந்த ஊர்ப் பொண்ணுப்பா?"

அதை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. "என்ன சொன்னான்?" என்று ஆம்புலன்ஸில் கேட்டாள். "கெளம்புறானாம்" என்றேன். இன்னொரு பொய். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவள் கடைசியாக நம்பியது அதைத்தான்.

மூன்றாம் நாள் பெரிய டாக்டரே போனை வாங்கி உன்னிடம் இங்கிலீஷில் பேசினார். அப்புறம்தான் நீ நம்பினாய். அழுதாய், டிக்கெட் போட்டாய், ஏர்போர்ட்டுக்கு ஓடினாய். அதற்குள் அவள் போய்விட்டாள். உனக்காக வைத்திருந்தோம். உனக்கு ஐஸ் என்றால் ஏரி, கூடாரம், நாற்காலி. எனக்குத் தெரிந்த ஐஸ் ஒன்றுதான், வாடகைக்கு வந்த அந்தக் கண்ணாடிப் பெட்டி. நடுக்கூடத்தில் இரண்டு நாள் அது உறுமிக்கொண்டு இருந்தது. கண்ணாடியில் ஆவி படியும், அவள் முகம் மறைந்துவிடும். துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன், நீ வந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியட்டும் என்று. அங்கே பனி கொட்டி விமானம் கிளம்பவில்லை என்று நீ கூப்பிட்டுச் சொன்னாய். சொந்தக்காரர்கள், "எவ்ளோ நேரம்தான் போட்டு வெப்பீங்க, எடுத்துடலாம்" என்றார்கள். எடுத்துவிட்டோம். பக்கிரி போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுடுகாடு வரைக்கும் உனக்குக் காட்டிக்கொண்டு நடந்தான். நீ செய்ய வேண்டியதை நான் செய்தேன்.

நான் முதல் படத்தை அனுப்பாமல் இருந்திருந்தால், இரண்டாவது படத்தைப் பார்த்த அன்றைக்கே நீ கிளம்பியிருப்பாய். பனி கொட்டுவதற்கு முன்னால் விமானம் ஏறியிருப்பாய். அவள் கண் திறந்திருக்கும்போதே வந்திருப்பாய். இந்தக் கணக்கை ஒரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், எந்தப் பக்கம் கூட்டினாலும் விடை நானாகத்தான் வருகிறது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் போஜனம் கிடைக்கிறது, பக்கிரி வீட்டிலிருந்து வேளாவேளைக்கு வந்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால் நம்புவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இப்போது அந்த மீதிப் பாதிக் கோபம். அவள் போன பிறகு நீ வரவே இல்லை. விமானம் மறுநாளே ஓடியது. "இனிமே வந்து யாரப்பா பாக்கப் போறேன்?" என்று கேட்டாய். யாரை என்று கேட்டாய் பார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கூடத்தில் நான் ஒருத்தன் உட்கார்ந்திருந்தேன், தம்பி. தப்பு செய்தவன்தான். செருப்பால் அடிக்கவாவது வந்திருக்கலாம். வந்து கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். அதற்குப் பதிலாக மாதம் ஒரு தடவை போன், மழை பெய்யுதா, சாப்பிட்டியா. ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படிப் பேசிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மீன் வீடியோ. என்னிடம் கேட்க உனக்கு வேறு எதுவும் இல்லையா என்று அன்றைக்கு ஆத்திரமாக இருந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. ஒருவேளை உனக்கும் பேச வேண்டும் போலிருந்து, எதைக் காட்டினால் அப்பா வருவார் என்று யோசித்து, மீனைக் காட்டினாயோ என்னவோ. அப்படியென்றால் நீ கெட்டிக்காரன்தான். நான் வந்துவிட்டேன் பார், பக்கம் பக்கமாக.

ரப்பர் புழுவைப் பற்றியும் கேட்டாய். அது ஒரேயடியாக மோசம் இல்லை. முள்ளை விட்டு உருவாது, குளிரில் அடிக்கடி கையுறையைக் கழற்றி மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கீழே கூட்டமாக மீன் இருந்து, ஒன்றோடொன்று போட்டி போட்டால் அதையும் கவ்வும். ஆனால் வாயில் வைத்ததும் பொய் என்று தெரிந்து துப்பிவிடும். உயிருள்ளதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருக்கும், ரப்பருக்கு அந்த அவகாசம் கிடையாது. ஒற்றையாக வருகிற மீனுக்கு, அதுவும் ஏற்கெனவே சந்தேகத்தோடு வருகிற மீனுக்கு, ரப்பர் ஆகாது. இன்னொன்று, ஆட்டாதே. நீ ஆட்டிக்கொண்டே இருக்கிறாய். இறக்கிவிட்டுச் சும்மா இரு. அதுவாகப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். அந்தப் பொண்ணு சிரித்தால் சிரிக்கட்டும், யார் என்று நான் கேட்க மாட்டேன். சொன்னால் சந்தோஷப்படுவேன்.

இனி கடைசி விஷயம். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் மீனைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் காய்ந்த கட்டைகளைச் சுரண்டி வழவழப்பாக்கும் வேலையில்தான் நான் அதிக வருஷம் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். வெள்ளைத் தூசி முகமெல்லாம் பூசி, மாவு மில்லில் இருந்து வருகிறவன் மாதிரி வருவேன். நீ பத்தாவது படிக்கும்போதே சொன்னாய், "மூக்குல துணி கட்டிக்கிட்டு வேல செய்ப்பா, அந்தத் தூசி உள்ள போவக் கூடாது." நான் சிரித்தேன். மண்ணைத் தின்று வளர்ந்தவனை மண்ணு என்னடா பண்ணும் என்றேன். பண்ணிவிட்டது. ஆற்றங்கரைப் படி நான்கு ஏறினால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஐந்தாவது ஏறுகிறேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சுக்குள் தூசி படிந்து கட்டியாகிவிட்டது என்றார். அது திரும்பக் கரையாதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டிவரும் என்கிறார்கள். எவ்வளவு நாள் என்று நான் கேட்டேன், அவர் வேறு பேச்சு பேசினார். தூண்டிலைத் தொட்டே ஐந்து மாதம் ஆகிறது.

பக்கிரி சொன்னான், "அண்ணே, அந்த நெஞ்சுப் படத்தப் போன்ல புடிச்சி அனுப்பிடறேன், இல்ல மூக்குல குழாய் வெக்கறப்போ உங்கள ஒரு போட்டோ எடுக்கறேன். தம்பி ஓடியாந்துடும்." அவன் நல்லதற்குத்தான் சொன்னான். அவனைப் போய் வாயில் வந்தபடி பேசிவிட்டேன், பாவம். எழுந்து போனவன் மறுநாள் காலையில்தான் வந்தான். இந்தக் கடிதத்தோடு படம் எதுவும் வராது, டாக்டர் சீட்டு வராது, நான் படுத்திருக்கிற கோலம் எதுவும் வராது. நீ நம்ப வேண்டும் என்று நான் ஒன்றும் செய்யப் போவதில்லை. வா என்றும் சொல்லவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் அதுவும் ஒரு பொய். இரண்டு தடவை யோசிப்பேன் என்று சொன்னாய் அல்லவா, யோசித்துக்கொள். பொய்யாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தப்பில்லை, உனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீ வீடியோவில் கூப்பிடுவாய். பக்கிரி போனைப் பிடிப்பான். திரையில் உன் முகம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், எவ்வளவு அடக்கினாலும் வந்துவிடும், உன் அம்மாவுக்கு வந்த மாதிரி. அதைப் பார்த்துவிட்டு, அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துவிடாதே.

உன் அப்பா